அப்பாவின் இடது கன்னம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அப்பாவின் முகத்தில் இடது பாதி மட்டும் வேலைக்கு வரவில்லை. வலது பாதி வழக்கம்போல எழுந்து, கண்ணைச் சிமிட்டி, பல் தேய்க்கப் போனது. வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. தூக்கக் கலக்கம் என்று அப்பா விட்டுவிட்டார். பிறகு காபியும் அதே வழியாகச் சட்டைக்கு வந்தது. "என்ன இது, சின்னப் புள்ள மாதிரி" என்று திட்டிக்கொண்டே நிமிர்ந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

முகவாதம் என்றார் டாக்டர். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, முகத்துக்குப் போகிற ஒரு நரம்புதான் வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகத் திரும்பிவிடும் என்றார். மாத்திரை கொடுத்தார். இடது கண் முழுதாக மூடாது என்பதால் சொட்டு மருந்து, ராத்திரி இமையை ஒட்டிக்கொள்ள ஒரு டேப், பகலில் தூசி படாமல் இருக்க பவர் இல்லாத கண்ணாடி. அம்மா அங்கேயே, ஆஸ்பத்திரி வாசலிலேயே, கபாலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்துகொண்டாள். அப்பா டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வைகாசி முகூர்த்தத்துக்குள்ள சரியாயிடுமா சார்?"

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் கல்யாணம் என்று நினைத்துவிட்டார்.

அப்பா கேட்டது ஊரார் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றி. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் முதல் மாடியில், முகூர்த்தப் பட்டுப் பிரிவில், அவர் இருபத்தாறு வருடமாகப் புடவை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வெள்ளைத் துணி விரித்த மெத்தைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆண்கள், புடவையைப் பிரித்துத் தங்கள் தோளிலேயே போட்டுக் காட்டுவார்கள். மீசையும் சந்தனப் பொட்டுமாக ஒரு மனிதர் மயில்கழுத்து நிற முந்தானையைத் தோளில் விரித்துக்கொண்டு, "இப்பப் பாருங்கம்மா" என்பார். யாருக்கும் சிரிப்பு வராது. கல்யாணப் பெண் அந்த மீசைக்குக் கீழே தன்னைப் பார்த்துக்கொள்வாள். அப்பாவின் தொழிலில் துணி பாதி, முகம் பாதி.

ஒரு வாரம் லீவு முடிந்து போனவரிடம் ஃப்ளோர் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "அண்ணே, மங்கள காரியத்துக்கு வர்றவங்க. நமக்கு ஒண்ணும் தோணல, அவங்களுக்குத் தோணிடும். கொஞ்ச நாளைக்கு குடோன்ல மடிப்பு வேலையைப் பாருங்க. சரியானதும் மேல வந்துடலாம்."

அப்பா அன்று ராத்திரி சாப்பிடும்போது, சோற்றை வலது கடைவாய்க்குத் தள்ளித் தள்ளி மென்றபடி, இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "குடோனுக்குப் போனவன் எவனும் திரும்பி மேல வந்து நான் பாத்ததில்ல" என்றார். வைகாசிக் கல்யாணங்களுக்குச் சித்திரையிலேயே கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் அவர் இடத்தில் ஒருவர் நின்று பழகிவிட்டால், அப்புறம் அது அவர் இடம் இல்லை. எனவே மேனேஜரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மெத்தைக்கு முன்னால் நிற்பார். ஒரே ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் தானே இறங்கிக் குடோனுக்குப் போய்விடுவார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 'பாவம் அப்பா' என்று ஒரு விநாடி. அடுத்த விநாடியே, 'கான்டூர்!'

பெருங்குடியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நாள் முழுக்க இன்னொருவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. உயிர் இருப்பது வேறு இடத்தில், ஒரு ஜிப் வைத்த பையில்: ஆறு நிற கிரீம் கான்டூர் டப்பா, பவுடர் கான்டூர் டப்பா, நான்கு பிரஷ், முட்டை வடிவத்தில் ஒரு ஸ்பாஞ்ச். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றது. ஆபீஸ் ரெஸ்ட்ரூம் கண்ணாடி முன்னால் மூன்று பேருக்குக் கன்ன எலும்பு வரவழைத்திருக்கிறேன், ஒருத்திக்கு மூக்கை ஒல்லியாக்கியிருக்கிறேன், டீம் லீடுக்கு இரட்டை நாடியில் ஒன்றைக் குறைத்திருக்கிறேன். விஷயம் எளிது. உள்ளே போக வேண்டிய இடத்தில் தோலைவிட இரண்டு படி இருட்டான நிறம், வெளியே வர வேண்டிய இடத்தில் ஒரு படி வெளுப்பான நிறம். முகம் என்பது மேடு பள்ளம். பார்க்கிற கண்ணுக்கு மேடு பள்ளம் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நிழலை நாமே வைத்துவிட்டால் கண் நம்பிவிடும். ஒரு பக்கம் சரிந்த முகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"நான் என்ன கூத்தாடவா போறேன்?" என்றார் அப்பா.

"கூத்துன்னாலும் வேஷம் கட்டினாத்தான் மேடையேத்துவாங்க" என்றாள் அம்மா, மோர் ஊற்றிக்கொண்டே. "குடோனுக்குன்னா வெறும் மூஞ்சியோட போங்க. யாரு வேணாங்கறா."

அப்பா மோரைக் குடித்தார். பாதி சட்டைக்குப் போனது. "சரி, என்னதான் செய்யறன்னு பாப்போம்" என்றார்.

புதன்கிழமை முதல் ஒத்திகை. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எதிரே என் வட்ட விளக்கை ஏற்றி, அப்பாவை உட்காரவைத்தேன். கிரீமை இடது கன்னத்தில் இழுத்தேன். அது இழுபடவில்லை. திட்டுத் திட்டாக, மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றது. ஸ்பாஞ்சால் தட்டினால் உருண்டை உருண்டையாக வந்தது. டப்பா பழசாகிவிட்டதா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். பிறகுதான் அப்பாவின் கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அப்பா, குளிச்சிட்டு பவுடர் போட்டீங்களா?"

"போடாம?"

கிரீமுக்கு மேல் பவுடர் போடலாம், பவுடருக்கு மேல் கிரீம் நிற்காது. இதுதான் இந்த வித்தையின் முதல் பாடம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மனிதர் குளித்துவிட்டு, உள்ளங்கையில் டால்கம் பவுடரைக் கொட்டி, முகத்தில் ஒரு அறை அறைந்துகொள்ளாமல் சட்டை போடுவாரா? அவருக்கு அது மேக்கப் இல்லை, குளியலின் கடைசிப் பகுதி. எந்த வீடியோவிலும் இதை யாரும் சொன்னதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். கழுவிக்கொண்டு வந்தவர் பழக்க தோஷத்தில் மறுபடியும் போட்டுக்கொண்டு வந்தார். பவுடர் டப்பாவை அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

வியாழக்கிழமை, வெறும் தோலில். அன்றுதான் அப்பாவின் முகத்தை நான் முதல்முறையாகத் தொட்டேன் என்று தோன்றுகிறது. சின்ன வயதில் தொட்டிருப்பேன். நினைவில் இல்லை. ஷேவ் செய்த தாடையில் விரலை ஓட்டினால் வலது பக்கம் இறுகியது, இடது பக்கம் விரல் போன போக்கில் போனது. ஊறிய பூரி மாவு மாதிரி இருந்தது. அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கண் மூட முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூச்சு விடுங்கப்பா."

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீ விடு."

சரிந்த பக்கத்தைத் தூக்க வேண்டும் என்று முடிவுசெய்து, இடது கன்ன எலும்புக்குக் கீழே நன்றாக நிழல் வைத்தேன், மேலே வெளிச்சம் வைத்தேன், கடைவாய்க்கு ஒரு கோடு. அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். "யாருகிட்ட அடி வாங்கினீங்க?" என்றாள். அவள் சொன்னது சரி. நிஜமாகவே கன்னத்தில் குத்து வாங்கியவர் மாதிரிதான் இருந்தார்.

அதற்கு மேல் ஒரு சிக்கல். சித்திரை வெயிலில் கிரீம் மட்டும் போட்டால் பத்து மணிக்கு வழிந்துவிடும். மேலே பவுடர் போட்டு அமுக்கினால்தான் நிற்கும். ஆனால் மூடாத கண்ணுக்குப் பக்கத்தில் பவுடர் பறக்கவிட முடியாது. சிமிட்டித் தள்ள அந்தக் கண்ணுக்குத் தெம்பில்லை. எனவே கன்ன எலும்புக்கு மேலே எதுவும் இல்லை, நடுக் கன்னத்தில் கிரீம் மட்டும், மூக்கு நுனிக்குக் கீழே மட்டும் பவுடர், அதுவும் பிரஷ்ஷால் தூவாமல் ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி எடுப்பது. நெற்றியையும் கண்ணையும் கண்ணாடி ஃப்ரேமிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் பஸ்ஸில் வரும்போதுதான் பொறி தட்டியது. வாதம் வந்த பக்கம் அசிங்கமாக இல்லை. அது சும்மா வழுவழுவென்று இருக்கிறது. மூக்கிலிருந்து கடைவாய்க்கு ஓடுகிற கோடு, இருபத்தாறு வருடம் "வாங்கம்மா" என்று சிரித்துச் சிரித்து விழுந்த கோடு, அங்கே அழிந்துவிட்டது. அதே கோடு வலது பக்கம் ஆழமாக இருக்கிறது, வாயையும் தன் பக்கம் இழுக்கிறது. பார்க்கிறவர் கண் உறுத்துவது அந்த வித்தியாசத்தில்தான். அப்படியென்றால் கெட்டுப்போன பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்! வீட்டுக்குள் செருப்போடு ஓடினேன். வலது பக்கக் கோட்டுக்குள் வெளுப்பான கிரீமை மெல்லிசாக நிரப்பி அதை மேடாக்கினேன். இடது பக்கம், கோடு இருந்த இடத்தில், சாம்பல் கலந்த பழுப்பில் ஒரு மயிரிழை நிழல் வைத்துத் தேய்த்துக் கரைத்தேன். கடைவாய்க்குக் கீழே ஒரு புள்ளி வெளிச்சம்.

வட்ட விளக்குக்கு முன்னால் அப்பா நிமிர்ந்தார். அம்மா கரண்டியோடு வந்து சுற்றிப் பார்த்தாள். பிறகு, "சிரிக்காம இருந்தா சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அதுதான் சட்டம் ஆயிற்று. சிரிக்கக் கூடாது. சிரித்தால் வலது பக்கம் மட்டும் ஏறி, நான் வைத்த நிழலெல்லாம் நிழல் இல்லாத இடத்துக்குப் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. உதடு சேராததால் சில எழுத்துகள் அவருக்கு நழுவின. கொடுமை என்னவென்றால் அதில் முதலில் நழுவியது 'பட்டு'. நாள் முழுக்கச் சொல்ல வேண்டிய வார்த்தை. "அதைக் கையால சொல்லிக்கறேன்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூசி அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மந்தைவெளியிலிருந்து ஆட்டோ. கடைக்குள் போய் மூன்றாவது மெத்தைக்கு எதிரே, வருபவர்களுக்காகப் போட்டிருக்கும் ஸ்டூலில், யாருக்காகவோ காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். தெரியாதவர் மாதிரி, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சட்டத்தைக் காப்பாற்றினார்.

உள்ளே கூரை முழுக்க வெள்ளை விளக்கு, சுவர் முழுக்கக் கண்ணாடி. நிழல் விழவே இடமில்லாத வெளிச்சம். அதில் என் வேலை, நானே சொல்லக்கூடாது, அற்புதமாக இருந்தது. அபிராமபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் முக்கால் மணி நேரம் அவர் முகத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. "பார்டர் சின்னதா போட்டுண்டு வர்றாளே இப்போ, அந்த மாதிரி வேணும்" என்றார் அந்த மாமி. "ஆனா பாக்க கனமா இருக்கணும்." அவர் கணவர், "விலை மட்டும் லேசா இருக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டி, அடுத்த புடவையைப் பிரித்தார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பை உதறும்போது மணிக்கட்டில் ஒரு சுழற்சி, ஜரிகை வெளிச்சத்தைப் பிடிக்கிற இடத்தில் ஒரு நிறுத்தம். சொல்ல முடியாத வார்த்தையை உண்மையிலேயே கை சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டு புடவை எடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஃப்ளோர் மேனேஜர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்து, இரண்டு முறையும் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது வழக்கம்.

பன்னிரண்டரைக்கு ஒரு அம்மா தன் மகளோடு வந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் வியாபாரம் என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார். "காலைல லோடு வந்துது, வித்துட்டு, குளிச்சிட்டு நேரா வரேன். வாசன வந்தா சொல்லிடு நைனா." கழுத்தில் சிலுவை டாலர், கையில் தங்க வளையல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதத்தில் ஒரு தீர்மானம். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் அவளுக்குத்தான்.

அரக்கு வேண்டும் என்றார் அந்த அம்மா. அப்பா ஆறு அரக்கு எடுத்துப் போட்டார். அந்த அம்மா எதையும் தடவிப் பார்க்கவில்லை. மீனைப் பார்ப்பதுபோல் கண்ணாலேயே பார்த்து ஐந்தைத் தள்ளினார். ஆறாவதை அப்பா தோளில் போட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான் கீது" என்றார். "ஆனா உள்ள லைட்டுல எல்லாமே நல்லாத்தான் கீது. வெளிச்சத்துல காட்டு நைனா."

தி. நகரில் பட்டு எடுக்கிற எல்லோரும் கேட்பதுதான். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் நிறத்தை நம்புவார்கள். எத்தனை முறை நானே கேட்டிருக்கிறேன்! ஆனால் நான்கு நாள் வட்ட விளக்கிலேயே ஒத்திகை பார்த்த எனக்கு, அப்பாவையும் வாசலுக்கு வரச் சொல்வார்கள் என்பது உறைக்கவே இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது தெரிந்தது. புடவையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா" என்று படியிறங்கினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் உச்சி வெயில் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் வந்தது. தரையில் பட்டு, கார் கண்ணாடிகளில் பட்டு, எதிர்க் கடைத் தகரத்தில் பட்டு வந்தது. நான் வைத்த நிழல்கள் எல்லாவற்றையும் அது ஒரே நொடியில் காட்டிக்கொடுத்தது. இடது கன்னத்தில் அழுக்குப் பழுப்பாக ஒரு இழுப்பு. வலது பக்கம் கோடு நிரப்பிய இடம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. படியிறங்கிய வியர்வையில் அதன் ஓரம் பிரிந்திருந்தது. இரண்டடி தள்ளி ஃப்ளோர் மேனேஜர், கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

அந்த அம்மா புடவையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்சில இன்னாமோ அப்பிகினு கீதே? சாம்பலா?"

"யம்மா, சும்மா இரேன்" என்றாள் மகள், போனிலிருந்து தலை தூக்கி. "அது மேக்கப்பு."

"ஆம்பளைக்கு இன்னாத்துக்குடி மேக்கப்பு? இவுரு இன்னா சினிமாலயா நடிக்கிறாரு?"

மேனேஜர் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தார். நான் முன்னால் போய் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அப்பா பேசிவிட்டார். ஒரு வாடிக்கையாளரிடம் அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வாதம்மா. இந்தப் பக்கம் வேலை செய்யல. வர்றவங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு என் பொண்ணு பூசி விட்டா."

பேசப் பேச வாய் வலது பக்கம் போனது. என் கோடு ஒரு பக்கமும் அவர் உதடு ஒரு பக்கமுமாக நின்றது. சொல்லி முடித்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இதுக்கா?" என்றார் அந்த அம்மா. "எங்க ஊட்டுக்காருக்கு மூணு மாசம் இப்டிதான் கோணிகினு கெடந்துச்சு. அதுக்காக நான் மீனு விக்காமயா இருந்தேன், அவுரு கடலுக்குப் போவாமயா இருந்தாரு? மீனு இன்னா மூஞ்சி பாத்தா வலைல வுழுது? அத்த உடு. மொதல்ல இதச் சொல்லு. உள்ள பாக்கசொல்ல ரத்தச் செவப்பா இருந்துச்சு, இங்க கத்திரிக்கா கணக்கா கீது. இது அரக்கா?"

அப்பா சிரித்துவிட்டார். சட்டம் போயிற்று. பாதி முகம் மட்டும் சிரித்தது, அதுவும் நன்றாகவே சிரித்தது.

"ஊடைல, குறுக்கால போற இழைல, ஊதா நூல் ஓடுதும்மா. உள்ள தெரியாது. நீங்க சொல்றது எனக்குப் புரிஞ்சிடுச்சு, இருங்க" என்று படியேறினார். வேறொன்றைக் கொண்டுவந்தார். அதில் செங்கல் நிறம் அடித்தது. மறுபடி ஏறினார். மூன்றாவது முறை இறங்கி வந்தபோது வியர்வையும் கைக்குட்டையும் சேர்ந்து என் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டிருந்தன. இரண்டு பக்கமும் இரண்டு மாதிரியான முகத்தோடு, நடுத்தெருவைப் பார்த்து நின்று, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டார். போகிற வருகிறவர்கள் புடவையைத்தான் பார்த்தார்கள். சிவப்பு அவர் தாடையில் பட்டு இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி அடித்தது. என் ஆறு நிற டப்பாவில் அது இல்லை.

"முழுசா விரிச்சிக் காட்டு" என்றார் அந்த அம்மா. முழுப் புடவையை விரிக்க இரண்டு பேர் வேண்டும். சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். "சார், சும்மாதான நிக்கறே? அந்தக் கோடிய புடி."

மேனேஜர் பிடித்தார். கோட்டும் டையுமாகப் பிடித்தார். மறுமுனையில் அப்பா. ஐந்தரை மீட்டர் அரக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் நிற்க, மகள் முதல்முறையாகப் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் புடவைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். "இது ஓகேம்மா" என்றாள். அந்த அம்மா ஒரு நீண்ட பார்வை பார்த்தார், இந்த முறை மகளை. "மடி நைனா. பில்லு போடச் சொல்லு. வளைகாப்புக்கும் உங்கிட்டதான் வருவேன், எங்கயும் போயிடாத."

அவர் குடோனைப் பற்றி அறிந்து சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டுதான் புடவைக் கோடியை மடித்தார். அன்று சாயங்காலம் கடை அடைக்கும் முன் அப்பாவிடம் வந்து, "அண்ணே, நாளைக்கும் மேலயே நில்லுங்க" என்றாராம். கொஞ்சம் போய்த் திரும்பி, "அந்தச் சாம்பல் மட்டும் வேணாம்" என்றாராம்.

அது சாம்பல் இல்லை, கூல் டோன் பழுப்பு, என்று நான் வீட்டில் அரை மணி நேரம் வாதாடினேன். கேட்க ஆளில்லை. அம்மா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து அப்பாவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது. நான்கு நாள் உழைப்பு, ஒரு கைக்குட்டையில். நியாயமான வருத்தம் இல்லைதான். அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, இனி எனக்கென்ன?

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பால்கனியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா குளித்து, பவுடர் போடாமல், கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"கொஞ்சமா போடு. வெளிச்சத்துல வச்சிப் போடு."

"அதான் வேணாம்னுட்டாரே?"

"அந்த அளவுக்கு வேணாம்னுதான் சொன்னாரு." வலது புருவம் மட்டும் ஏறியது. "மெத்தைக்கு முன்னால வந்து உக்கார்றாங்களே, அந்த மொதப் பார்வைக்கு மட்டும் போதும் பாப்பா. அப்புறம் நான் பேசிக்கறேன்."

அதிலிருந்து தினமும் காலையில் பத்து நிமிடம் எங்களுக்குப் பால்கனியில். கீழே பால் பாக்கெட் வண்டி, எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள். முதல் இரண்டு நாள் அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். கிரீமை டப்பாவிலிருந்து நேராக எடுப்பதை நிறுத்தினேன். புறங்கையில் தேய்த்து, அங்கே மிஞ்சியதை விரல் நுனியில் எடுத்து வைத்தேன். பகல் வெளிச்சத்தில் தெரிகிற எதையும் துடைத்தேன். துடைத்துத் துடைத்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வருகிற அளவில்தான் அது சரியாக இருந்தது. மேனேஜர் ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. அப்பா பயிற்சிகளையும் அங்கேயே செய்தார்: கன்னத்தை உப்புவது, உதட்டைக் குவிப்பது, புருவத்தைத் தூக்குவது. உப்பிய காற்று இடது பக்கமாகப் புஸ்ஸென்று போய்விடும். "பஞ்சர்" என்பார்.

கண் முதலில் திரும்பியது. மூன்றாவது வாரம் டேப் இல்லாமல் தூங்கினார். வாய் அப்படியேதான் இருந்தது. வைகாசி பிறந்து, கடையில் கூட்டம் தெருவுக்கு வந்து, அவர் வீடு திரும்ப ராத்திரி பத்தரை ஆகிக்கொண்டிருந்தது. பால்கனி நேரத்தை மட்டும் விடவில்லை.

ஒரு புதன்கிழமை. வழக்கம்போல் இடது பக்கம் அந்த மயிரிழை நிழலை வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்கா பக்கெட்டோடு வெளியே வந்து, "என்ன சார், மாப்பிள்ளை அலங்காரம் முடியலையா?" என்று கேட்டார். அப்பா எப்போதும்போல் வலது பக்கத்தால் சிரித்துக் கையை ஆட்டினார். நான் மறுபடி குனிந்தேன். கரைத்து முடித்த கிரீம் ஒரு இடத்தில் கோடாகத் தேங்கியிருந்தது. மேக்கப் போடுகிறவர்களுக்கு இதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது. எவ்வளவு சீராகப் பூசினாலும் சுருக்கத்துக்குள் கிரீம் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்ளும். விரலால் ஒற்றி எடுத்தேன். பழக்கத்தில் ஸ்பாஞ்சைத் தேடினேன். பிறகு கை நின்றது.

இந்தக் கன்னத்தில் சுருக்கம் ஏது? ஆறு வாரமாக வழுவழுவென்று, நான் வரைந்தால் தவிர ஒரு கோடும் இல்லாத கன்னம்.

"என்ன பாப்பா, நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை சிரிங்க."

"எதுக்கு?"

"சும்மா சிரிங்கப்பா."

சும்மா சிரிக்கச் சொன்னால் யாருக்கு வரும்? என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, சிரித்தார். வலது பக்கம் எப்போதும்போல் ஏறியது. இடது பக்கம் ஏறவில்லை. ஆனால் மூக்கோரத்தில், நான் கோடு வைத்த இடத்துக்குக் கொஞ்சம் வெளியே, தோல் லேசாக மடிந்தது. நூல் அளவு. மடிப்புக்குள் பழுப்புக் கிரீம் மறுபடி ஓடிப் படுத்தது. ஆறு வாரமாக நான் அந்தக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தப்பான இடத்தில் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவரிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார், புடவையைத் திருப்புவதுபோல, முதலில் இந்தக் கோணம், பிறகு அந்தக் கோணம். அவசரப்படாமல் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பால்கனிச் சுவர் மேல் வைத்துவிட்டு, உள்ளே போய் முகத்தைக் கழுவினார். பவுடர் டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏய், காபி ஆறுது" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"